வேலை கொடுக்கும் அடியும் ஆட்கள் கொடுக்கும் அடியும்

வந்திருக்கும் கேள்வி சுருக்கமாக இது: "ஒரு படத்தில் எட்டு மாதம் உதவி இயக்குநராக வேலை பார்த்தேன். பேசிய சம்பளத்தில் பாதிகூட வரவில்லை. டைட்டிலில் என் பெயர் இல்லை. பேச்சுவாக்கில் நான் சொன்ன ஒரு காட்சி மட்டும் படத்தில் அப்படியே இருக்கிறது. கேட்டால், 'நாங்களும் இப்படி அடிபட்டுத்தான் மேலே வந்தோம்' என்கிறார்கள். சினிமாவில் ஆரம்பத்தில் இப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா? தொடரவா, விட்டுவிடவா?"

நான் உதவி இயக்குநராகத் தொடங்கி எடிட்டிங்குக்கு வந்தவன். இருபது வருடம் ஆகிறது. நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் அடி இரண்டு வகை. ஒன்றை வேலையே கொடுக்கும், இன்னொன்றை ஆட்கள் கொடுப்பார்கள். முதல் வகையிலிருந்து யாரும் தப்பியதில்லை. அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாவது வகையில் கற்றுக்கொள்ள ஒன்றுமே கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'அனுபவம்' என்று பெயர் வைத்து, புதிதாக வருபவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் எட்டு மாதத்தை அவிழ்த்து, எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்ய முடியும்.

வேலை கொடுக்கும் அடி எப்படி இருக்கும் என்பதற்கு என் முதல் படத்திலிருந்தே சொல்கிறேன். கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்த உடை, பொருள், காயம் எல்லாம் அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. கதாநாயகனுக்கு உள்ளங்கையில் காயம், துணிக்கட்டு போட்டிருக்கிறார். வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தள்ளுகிறார். அடுத்த ஷாட்டில் கதவு திறக்க, உள்ளே வருகிறார். வாசல் ஒரு இடத்தில் எடுத்தது, உட்புறம் பதினொரு நாள் கழித்து வேறொரு இடத்தில் எடுத்தது. என் நோட்டில் 'கையில் கட்டு, லேசாக ரத்தக் கறை' என்று எழுதியிருந்தேன். சட்டையின் மேல் பட்டன் திறந்திருப்பது, முடி நெற்றியில் விழுந்திருப்பது எல்லாம் இருந்தது. எடிட்டிங்கில் இரண்டு ஷாட்டையும் ஒட்டியபோது வாசலில் வலது கையில் இருந்த கட்டு, உள்ளே வந்ததும் இடது கைக்கு மாறியிருந்தது. எடிட்டர் படத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்தக் கை?"

என் நோட்டில் அதற்குப் பதில் இல்லை. அந்த நடிகர் உள்ளே வந்ததும் கட்டுப்போட்ட கையால் சுவரைத் தடவிக்கொண்டே நிற்பார். அந்தக் காட்சியிலேயே உயிருள்ள இடம் அதுதான். அதை வெட்டிவிட்டு, யாரோ நிமிர்ந்து பார்க்கும் ஒரு க்ளோசப்பை வைத்து ஒப்பேற்றினார்கள். படம் பார்த்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு நல்ல நடிப்பு அங்கே காணாமல்போனது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும் தெரியும். யாரும் என்னைத் திட்டவில்லை. இன்றுவரை ஒரு பொருளையோ காயத்தையோ இடதா வலதா என்று எழுதாமல் நான் குறிப்பு எடுத்ததில்லை.

வேலை கொடுக்கும் அடியின் குணம் இதுதான். அதில் யாருடைய லாபமும் இல்லை, யாருடைய கோபமும் இல்லை. வலித்த இடத்திலேயே பாடமும் இருக்கும். அடுத்த நாள் நீங்கள் கொஞ்சம் வேறு ஆளாக வேலைக்குப் போவீர்கள்.

ஒலியில் கிடைக்கும் அடி இன்னும் கொடியது, ஏனென்றால் ஸ்பாட்டில் அது கேட்கவே கேட்காது. சொந்தமாகக் குறும்படம் எடுக்கும் ஏறக்குறைய எல்லாருக்கும் இது நடந்திருக்கும். ஒரு வீட்டுக்குள் எடுக்கிறோம். நடிகை அழுது முடித்து, குரல் உடைந்து ஒரு வரி சொல்கிறார். எல்லாரும் கைதட்டுகிறோம். எடிட்டிங் மேசைக்கு வந்து ஹெட்போனில் கேட்டால் அந்த வரிக்குக் கீழே ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கிறது. அதுவும் டேக்கின் நடுவில் திடீரென்று நின்றுவிடுகிறது. டப்பிங்கில் அந்தக் குரல் மறுபடி வரவே வராது. இதற்கு ஒலிப்பதிவாளர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள்: ஷூட்டிங் தொடங்கும்போது ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள், அப்போது மறுபடி போட்டுவிடுவார்கள். அப்புறம், ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பும் எல்லாரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எல்லாருக்கும் அவசரமாக இருக்கும், முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே வரும் ஓட்டையை அடைக்க அந்த ஒரு நிமிடத்தைத் தவிர வேறு எதுவும் உதவாது.

பெரிய இயக்குநர்களும் இந்த வகை அடியை வாங்கியவர்கள்தான். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பை 1952 அக்டோபரில் தொடங்கினார். விளம்பர நிறுவனத்தில் முழுநேர வேலை, கிடைத்த விடுமுறை நாட்களில் ஷூட்டிங். இயக்குநருக்கு அது முதல் படம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. நாணல் பூத்துக் கிடந்த வெளியில் முதல் நாள் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு, மீதியை எடுக்க அடுத்த வாரம் போனார்கள். பூக்களை மாடுகள் மேய்ந்து தீர்த்திருந்தன. அடுத்த பருவத்தில் மறுபடி பூக்கும்வரை காத்திருந்துதான் அந்தக் காட்சியை முடித்தார்கள். நடுவில் பணம் தீர்ந்து படமே நின்றது. மனைவியின் நகைகள்வரை அடகுக்குப் போயின. கடைசியில் மாநில அரசு பணம் கொடுத்து, 1955இல் படம் வெளிவந்தது.

இந்தக் கதையை 'விடாமுயற்சி'க்கு உதாரணமாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. பாதி எடுத்த காட்சியின் மீதி நமக்காகக் காத்திருக்காது என்று அந்த யூனிட் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது. பூ, வெளிச்சம், சிறுவனின் குரல், வயதான நடிகரின் உடல்நிலை எதுவும் நிற்காது. படம் இழுத்துக்கொண்டுபோன அந்த வருடங்களில் அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடையவில்லை, துர்காவாக நடித்த பெண் பெரிதாக வளர்ந்துவிடவில்லை, பாட்டியாக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை. இந்த மூன்றையும் அற்புதங்கள் என்றே ராய் பிற்பாடு சொன்னார். சுனிபாலா தேவி படம் வெளிவருவதற்கு முன் காலமானார். ஷெட்யூல் போடும்போது எது முதலில் மாறிவிடும் என்று பார்த்து, அதை முதலில் எடுக்க வேண்டும் என்று நான் என் உதவியாளர்களிடம் சொல்வது இதை வைத்துத்தான்.

ஸ்பீல்பெர்க்கின் சுறாப் படமான 'ஜாஸ்' 1974இல் 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு. 159 நாள் ஆனது. இயந்திரச் சுறாவை நல்ல தண்ணீரில் சோதித்துவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோனார்கள், உப்புத் தண்ணீரில் அது படுத்துவிட்டது. எந்த இடத்தில் வேலை செய்யப்போகிறதோ அந்த இடத்தில் சோதிக்காத கருவி, சோதிக்காத கருவிதான். நோலன் தன் முதல் படமான 'ஃபாலோயிங்'கை வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து ஏறக்குறைய ஒரு வருடம் வார இறுதிகளில் எடுத்தார். ஃபிலிம் சுருளுக்குக் காசு இல்லாததால் ஒத்திகையை நிறைய வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு டேக்கிலேயே முடித்தார். பணமில்லாதவரிடம் இருப்பது நேரம். அதை ஷூட்டிங்குக்கு முன்னாலேயே செலவழித்துவிட வேண்டும்.

பேக்கப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு படத்தின் இரண்டு நாள் வேலை ஒரே ஹார்ட் டிஸ்கோடு போனதை நேரில் பார்த்திருக்கிறேன். 'டாய் ஸ்டோரி 2' என்ற கணினி அனிமேஷன் படத்தின் தயாரிப்பின்போது 1998இல் யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளை படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. பேக்கப்பைத் திறந்தால் அது பல நாட்களாகவே சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கிறது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. படம் பிழைத்தது அதனால்தான். பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திறந்து, ஓட்டி, கடைசி ஷாட்வரை பார்த்துவிட்டுத்தான் கேமரா கார்டை அழிக்க வேண்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு கட்டடத்தில். எடுத்த ஷாட்டுகளைக் கார்டிலிருந்து ஏற்றும் வேலை பெரும்பாலும் மிகப் புதியவர் கையில்தான் விழும், அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இனி ஆட்கள் கொடுக்கும் அடி.

சம்பளம். எட்டு மாதம் வேலை வாங்கிவிட்டுப் பாதிச் சம்பளம் கொடுத்தால் அதில் உங்களுக்கு எந்தப் பயிற்சியும் கிடைப்பதில்லை. அது பாக்கி, அவ்வளவுதான். எனக்கும் இரண்டாவது படத்தில் இது நடந்தது. "படம் வியாபாரம் ஆகட்டும்" என்றார்கள். வியாபாரம் ஆனது, "ரிலீஸ் ஆகட்டும்" என்றார்கள். ரிலீசும் ஆனது. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. என் கையில் ஒரு வரி எழுத்துகூட இல்லை. எவ்வளவு பேசினோம் என்பதையே நிரூபிக்க முடியாத நிலையில் நான் இருந்தேன்.

புதியவர் ஒப்பந்தம் கேட்டால் வாய்ப்பே போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், உண்மையிலேயே சில இடங்களில் போய்விடும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, பேசி முடித்த அன்று இரவே ஒரு மெசேஜோ மின்னஞ்சலோ அனுப்பிவிடுவது. "இன்று பேசியபடி இந்தத் தேதியிலிருந்து வேலைக்கு வருகிறேன். மாதம் இவ்வளவு என்று சொன்னீர்கள், டைட்டிலில் உதவி இயக்குநர் வரிசையில் பெயர் வரும் என்றும் சொன்னீர்கள். மிக்க நன்றி, கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன்." இதில் யாரும் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் 'சரி' என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலே உங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. பதில் போடவே தயங்குகிறார்கள் என்றால், எட்டு மாதம் கழித்துத் தெரியவேண்டியது முதல் இரவிலேயே தெரிந்துவிடுகிறது.

டைட்டிலில் பெயரைப் பற்றி ஒரு விஷயம். பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் கடைசி வாரத்தில், தூக்கமில்லாத யாரோ ஒருவர் அவசரமாகத் தட்டச்சு செய்வது. நான் பார்த்தவரை விடுபட்ட பெயர்களில் பாதிக்கு மேல் வேண்டுமென்று விட்டவை கிடையாது. எடிட்டிங் முடியும் சமயத்தில் நீங்களே போய்ப் பட்டியலைக் கேட்டு, எழுத்துப்பிழைவரை சரிபார்த்துவிட்டு வாருங்கள். இது உரிமையைக் கேட்பது, தயங்க ஒன்றுமில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தால், அந்த மனிதரோடு அடுத்த படம் செய்யாதீர்கள். வேறு பரிகாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் சொன்ன காட்சி படத்தில் வந்தது பற்றி. இது கேட்கக் கசப்பாக இருக்கும். பதிப்புரிமை என்பது எழுதிய வடிவத்துக்குத்தான், எண்ணத்துக்கு இல்லை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 9ஆம் பிரிவே இதைத் தெளிவாகச் சொல்கிறது. இடைவேளையில் நின்றுகொண்டே நீங்கள் சொன்ன ஒரு யோசனையை இன்னொருவர் காட்சியாக எழுதிக்கொண்டால், சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் மிகக் குறைவு. அது மட்டுமில்லாமல், உதவி இயக்குநர் என்ற வேலையிலேயே யோசனை சொல்வதும் அடங்கியிருக்கிறது. அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் சொந்தக் கதையை யாரிடமும் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். முழுதாக எழுதுங்கள், தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள், எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள், யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் எழுதியவுடனேயே பதிப்புரிமை தானாக வந்துவிடும். ஆனால் எழுதியது நீங்கள்தான், இன்ன தேதியில்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

எழுத்து எவ்வளவு தூரம் காப்பாற்றும், எங்கே கைவிடும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் சில பக்கக் கதைச் சுருக்கம் ஒன்றை ஒரு பெரிய ஸ்டுடியோவுக்குக் கொடுத்து, 1983இல் ஒப்பந்தமும் போட்டிருந்தார். 1988இல் 'கமிங் டு அமெரிக்கா' வந்தது. அது தன் கதையை அடிப்படையாகக் கொண்டது என்று வழக்குப் போட்டு 1990இல் வென்றார். ஒப்பந்தம் இருந்ததால் வென்றார். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் அவருக்கும் தயாரிப்பாளர் ஆலன் பெர்ன்ஹைமுக்கும் எழுதியிருந்தது நிகர லாபத்தில், அதாவது செலவெல்லாம் கழித்து மிஞ்சுவதில் பங்கு. உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்தப் படத்துக்கு நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கு முறையின் சில பகுதிகள் மனசாட்சிக்கு விரோதமானவை என்று நீதிபதி சொல்லி, 1992இல் புக்வால்டுக்கு 1,50,000 டாலரும் பெர்ன்ஹைமுக்கு 7,50,000 டாலரும் கொடுக்கச் சொன்னார். அதனால் சம்பளத்துக்குப் பதிலாக 'லாபத்தில் பங்கு தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அந்தப் பங்கின் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். குறைவான தொகையாக இருந்தாலும் கையில் வருவதைக் கேளுங்கள்.

அடுத்து வருவதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு படத்தின் முதல் நாள் படப்பிடிப்பு. ரயில் பாலத்தின் மேல் தண்டவாளத்தில் ஒரு கட்டிலைப் போட்டுக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரயில் நிறுவனம் அனுமதி தரவில்லை, யூனிட்டில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. ரயில் வந்தது. சாரா ஜோன்ஸ் என்ற கேமரா உதவியாளர் இறந்துபோனார், வயது 27. இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அதற்குப் பல வருடம் முன்னால், 1997இல், ப்ரென்ட் ஹெர்ஷ்மன் என்ற கேமரா உதவியாளர் 19 மணிநேர வேலைக்குப் பிறகு வண்டி ஓட்டி வீடு திரும்பும்போது தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் இதை ஆவணப்படமாகவே எடுத்தார்.

இருவருமே உதவியாளர்கள் என்பதைக் கவனியுங்கள். 'முடியாது' என்று சொல்லக் கூச்சப்படும் இடத்தில் இருப்பவர்கள். "அனுமதி வாங்கியாச்சா?" என்று கேட்பது உதவி இயக்குநரின் வேலையிலேயே ஒரு பகுதி. கேட்டதற்குப் பதில் வராவிட்டால் அந்த இடத்திலிருந்து விலகி நில்லுங்கள். பதினாறு மணிநேரம் வேலை பார்த்த பிறகு வண்டியை எடுக்காதீர்கள், ஸ்பாட்டிலேயே எங்காவது படுத்துத் தூங்குங்கள். படம் நின்றாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

நடிக்க வருபவர்களுக்கு இதே கண்டிப்போடு சொல்வது, தனி அறைக்கு வரச்சொல்லும் ஆடிஷனுக்குப் போகாதீர்கள். அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2018இல் இதை எழுத்திலேயே வெளியிட்டது: வேலை தொடர்பான சந்திப்புகளை ஹோட்டல் அறையிலும் வீட்டிலும் வைக்கக் கூடாது என்று. உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் அதையே உங்கள் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இயக்குநர் யாரும் அலுவலகத்துக்கு மாற்றச் சொன்னதற்காக வாய்ப்பைப் பறித்ததை நான் பார்த்ததில்லை.

சரி, தொடர்வதா விடுவதா? எட்டு மாதத்துக்கு முன் உங்களால் செய்ய முடியாமல் இருந்து, இப்போது செய்ய முடிகிற வேலைகளை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஒரு காட்சியை ஷாட்டாகப் பிரிப்பது, யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று கால்ஷீட் போடுவது, நூறு பேரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவது, நடிகர் கோபமாக இருக்கும்போது அவரிடம் வசனத் தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பது. பட்டியல் நீளமாக வந்தால் வேலை உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஆட்களை மட்டும் மாற்றுங்கள். எட்டு மாதமும் யாருக்கோ பொருள் வாங்கிவருவதிலும் வண்டிக்குக் காத்திருப்பதிலும் போயிருந்தால், அந்த யூனிட் உங்களுக்கு எதையும் தரவில்லை. அதை வைத்து சினிமா உங்களுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு சின்னப் படத்தில், ஆறு பேர் உள்ள யூனிட்டில் சேருங்கள். அங்கே எல்லா வேலையும் எல்லார் கையிலும் வந்து போகும். முடிந்தால் எடிட்டிங் அறையில் ஒரு மாதம் உட்காருங்கள். ஸ்பாட்டில் நடந்த தவறுகள் எல்லாம் வந்து சேரும் இடம் அது.

வேலையில் பட்ட அடிக்கு யாரையும் வெறுக்க வேண்டியதில்லை, ஆட்கள் ஏமாற்றியதற்கு நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. பாக்கிச் சம்பளத்தை மறக்கவும் வேண்டாம், ஊரைக் கூட்டிச் சண்டை போடவும் வேண்டாம். வேலை பார்த்த தேதிகள், பேசிய தொகை, வந்தது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதித் தயாரிப்பு நிர்வாகிக்கும் தயாரிப்பாளருக்கும் அனுப்புங்கள். உங்களோடு வேலை பார்த்த மற்ற உதவியாளர்களுக்கும் பாக்கி இருந்தால் சேர்ந்து அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அதே தாளோடு தொழிற்சங்கத்துக்கோ தொழிலாளர் அலுவலகத்துக்கோ போகலாம். பழைய மெசேஜ்கள், கால்ஷீட் படங்கள், ஸ்பாட்டில் எடுத்த போட்டோக்கள் எதையும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். அந்தக் கடிதத்தில் தேதி போட மறக்காதீர்கள்.